மரக்கறி வீட்டுப் பிள்ள மீன் வெட்டப் பழகின கதை

நேத்து நாலு கிலோ பாரை ஒண்டு வந்துது. முழுசா. ஈரச் சாக்குல சுத்தி, வால் வெளியால தெரிய, இவர் மோட்டர்சைக்கிள்ல முன்னுக்கு வச்சுக்கொண்டு வந்து கிணத்தடியில இறக்கிப்போட்டு "நீயா அம்மாவா?" எண்டு கேட்டார். நான் எண்டன். மாமி ஒண்டும் சொல்லேல்ல, பிளாஸ்டிக் கதிரைய இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்துல இருந்தா. பத்து வருசத்துக்கு முந்தி இந்தக் கேள்விய ஆராவது என்னட்டக் கேட்டிருந்தா அழுதிருப்பன்.

ஏனெண்டா நான் பிறந்து வளந்தது சுத்த மரக்கறி வீடு. திருகோணமலை டவுனுக்குள்ளதான், கோட்டை வாசலுக்குக் கிட்ட, கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போற சனம் எங்கட படலையத் தாண்டித்தான் போகும். வீட்டுல முட்டை கூட இல்ல. ஒருக்கா அப்பாவ டொக்டர் முட்டை சாப்பிடச் சொல்ல, அம்மா அதுக்கெண்டே ஒரு அலுமினியச் சட்டியும் மண்ணெண்ணெய் அடுப்பும் வாங்கி வெளி விறாந்தையில வச்சு அவிச்சுக் குடுத்தவா, அந்தச் சட்டி கடைசி வரைக்கும் குசினிக்குள்ள வரேல்ல. கடலெண்டா நூறு யார் தூரம்தான், பின்னேரத்துல காத்து திரும்பினா மீன் மணம் உள்ளுக்க வரும், அம்மா எழும்பிப் போய் ஜன்னலச் சாத்துவா. அப்பிடி வளந்த நான் கலியாணம் கட்டிப் போனது மீன்பிடிக்கிற ஊரான திருக்கடலூருக்கு. மாமா தொழிலுக்குப் போனவர். தொழில் எண்டா அங்க ஒரே ஒரு தொழில்தான், என்ன தொழில் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.

காதல் கலியாணம். அதால மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிடுறதப் பத்திக் கதைச்சு முடிவெடுக்க நேரமே இருக்கேல்ல. சாப்பிடப் பழகினது லேசு, உண்மையச் சொன்னா மூண்டாம் நாளே மாமியின்ட அறுக்குளாப் பொரியல்ல விழுந்திட்டன். வெட்டுறதுதான் கஷ்டம். கண்ணோட பாக்கிற ஒரு சாமானைக் கத்தியால வெட்டச் சொன்னா எப்பிடியிருக்கும்? முதல் நாள் மாமி ஒரு கூறு கும்பிளாவ எனக்கு முன்னால வச்சிட்டுத் தேங்காய் துருவப் போயிட்டா. நான் ஒவ்வொரு மீனின்ட முகத்தையும் துணியால மூடி வச்சு வெட்டினன். திரும்பி வந்து பாத்திட்டு மாமி சிரிக்கவும் இல்ல, ஏசவும் இல்ல, "துணி நாறப் போகுது பிள்ள" எண்டா.

மாமி படிப்பிக்கிற விதம் அப்பிடித்தான், வாய் திறக்கமாட்டா. "பார்" எண்டு ஒரு சொல்லு, பிறகு கை. எனக்கோ எல்லாத்துக்கும் காரணம் தெரியோணும். அதால மாமியின்ட கையப் பாத்துப் பழகிறது, பிறகு அது ஏன் எண்டு ஃபோன்ல தேடிப் படிக்கிறது, இப்பிடித்தான் நான் படிச்சன். தேடிப் பாத்ததுல முக்காவாசிக்கு மேல மாமி செய்யிறதுதான் சரி. மிச்சத்தப் பிறகு சொல்றன்.

முதல் பாடம் வெட்டுறதே இல்ல, வாங்கிறது. கரைவலை இழுக்கிற நாள்ல விடிய ஆறரைக்குக் கடற்கரைக்குப் போனா மீன் துள்ளத் துள்ள வாங்கலாம், அதுல பாக்கிறதுக்கு ஒண்டுமில்ல. சந்தையில வாங்கினா பாக்கோணும். கண்ணு வெளிய தள்ளிக் கண்ணாடி மாதிரி இருக்கோணும், உள்ள போய் வெள்ளை படிஞ்சிருந்தா வேண்டாம். செவுளைத் திறந்தா நல்ல ரத்தச் சிவப்பு, மண்ணிறம் எண்டா பழசு. மாமி இன்னொண்டும் செய்வா, மீனைத் தலைப்பக்கம் பிடிச்சுக் கிடையா நீட்டுவா, நேத்துச் செத்த மீன் எண்டா வால் தொங்கும், அண்டைக்குச் செத்தது பலகை மாதிரி நிக்கும். விரலால அமத்தினா பள்ளம் திரும்பி மேல வரோணும். இதெல்லாம் செய்யேக்க மீன் விக்கிறவர் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கொண்டுதான் இருப்பார், அதப் பாக்கக் கூடாது.

சூரைக்கு இந்தச் சோதனை காணாது. இது எங்கட வீட்டுல பட்டுப் படிச்சது. ஒரு சித்திரை மாதம், வெயில் எரிச்சுக்கொட்டுது, இவர் எங்கயோ மலிவா எண்டு சூரை வாங்கிக்கொண்டு வந்தார், ஐஸ் இல்லாம மத்தியானம் வரைக்கும் கிடந்த மீன் போல. பாக்க நல்லாத்தான் இருந்துது, மணமும் இல்ல. கறி வச்சுச் சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகேல்ல, இவருக்கு முகம், கழுத்து, நெஞ்செல்லாம் சிவந்து, நெஞ்சு படபடவெண்டு அடிக்க, தலையிடி. மீன் ஒத்துக்கொள்ளேல்ல, இனி ஆயுசுக்கும் மீன் இல்ல எண்டு நினைச்சுத்தான் ஓடினம். டொக்டர் சொன்னார் இது அலர்ஜி இல்லயாம், மீன்ல இருந்த ஹிஸ்டமினாம். சூரை, கும்பிளா மாதிரி மீன்ட சதையில ஹிஸ்டிடின் எண்டு ஒரு சாமான் கூட இருக்கு, சூட்டுல கிடந்தா பக்டீரியா அத ஹிஸ்டமினா மாத்திப்போடும். பிறகு நீங்க எவ்வளவு கொதிக்க வச்சாலும், பொரிச்சாலும், ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் அது போகாது. வாயில வைக்கேக்க லேசா மிளகு மாதிரி உறைக்குமாம், எங்கட தூளுக்குள்ள அது எங்க தெரியப் போகுது. அண்டையில இருந்து சூரை வாங்கினா ஐஸ் பெட்டி கொண்டுதான் போறது. எங்கட சூட்டுக்கு மீன் ஒரு கிலோ எண்டா ஐஸும் ஒரு கிலோ வேணும். போட்காரர் சிலர் இதக் கேட்டா சிரிப்பாங்க, ஆனா ஏத்துமதிக்குப் போற மீனுக்கு அவங்களே அப்பிடித்தான் போடுறாங்க, எங்கட வயிறு மட்டும் என்ன குறைச்சலா?

சரி, வெட்டுக்கு வருவம். செதில் எடுக்கிறது வாலில இருந்து தலைக்கு, கத்தியின்ட முதுகால. எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாம இருந்தது என்னெண்டா, அதப் பேசின் தண்ணிக்குள்ள மீனை அமத்திக்கொண்டு செய்தா ஒரு செதிலும் பறக்காது. இது தெரியிறதுக்கு முந்தி ஒரு நாள் விளைமீன் துப்பரவாக்கிட்டு அவசரத்துல வேலைக்குப் போய், கவுன்டருக்கு வந்த ஒரு அம்மா காசு வாங்கிக்கொண்டு போகேக்க "தங்கச்சி, தலையில ஏதோ மின்னுது" எண்டவா. பூவுக்குப் பக்கத்துல செதில். அண்டைக்கு முழுக்க எனக்கு நானே நாறினன்.

பிறகு வயிறு. வாலடிப் பக்கத்து ஓட்டையில கத்தி நுனிய வச்சு நாடி வரைக்கும் கீறிறது, ஆனா நுனி மட்டும், ஒரு நகத்தளவு ஆழம். உள்ள போனா பிச்சு உடையும். பச்சையா ஒரு சின்னப் பை, ஈரலோட ஒட்டிக்கொண்டு கிடக்கும், அது உடைஞ்சு சதையில பட்டா அந்த இடம் கைக்கும், எத்தின தண்ணியில கழுவினாலும் கைக்கும். என்ட முதல் மாதத்துல எத்தின பிச்சு உடைச்சன் எண்டு கணக்கில்ல, மாமா மட்டும் ஒண்டும் சொல்லாமச் சாப்பிட்டிட்டு எழும்பிப் போவார், அதுதான் எனக்குப் பெரிய ஏச்சு. குடலை இழுக்கேக்க செவுளையும் சேத்து இழுத்தா ரெண்டும் ஒரே மாலையா வரும், அது வந்த நாள் எனக்குச் சந்தோசத்துல குசினிக்குள்ள ஓடிப் போய்க் காட்டினது ஞாபகம்.

மாமி கடைசியா ஒண்டு செய்வா, அதத்தான் கனபேர் விடுறது. வயித்துக்குள்ள நடுமுள்ளு ஓடுற நீளத்துக்கு மெல்லிய தோலுக்குக் கீழ கறுத்த ரத்தம் கட்டியிருக்கும். பெருவிரல் நகத்தால தோலைக் கிழிச்சு, தலையில இருந்து வால் பக்கம் ஒரே இழுவையா வழிச்செடுக்கோணும், எடுத்தா முள்ளு வெள்ளையாத் தெரியும். சில மீனுக்கு வயித்துச் சுவர்ல கறுப்புத் தோல் இருக்கும், அதையும் உரிக்கோணும். குழம்பு நாறுது எண்டு புளியக் கூட்டுறத விட்டிட்டு இந்த ரெண்டையும் எடுத்துப் பாருங்க.

புளி வேலை செய்யிறது உண்மைதான். கடல் மீன்ட உடம்புல இருக்கிற ஒரு சாமான், மீன் செத்த பிறகு பக்டீரியா தின்னத் தின்ன ட்ரைமெதிலமைன் எண்டு மாறும், அதுதான் அந்த மீன் நாத்தம். அது காரத்தன்மையான சாமான், புளிப்புப் பட்டா அடங்கும். தேசிக்காய், பழப்புளி, கொறுக்காய் எதெண்டாலும். மாமி கெமிஸ்ட்ரி படிக்கேல்ல, எட்டாம் வகுப்போட நிண்டவா, ஆனா மீன் வெட்டின கைக்குச் சவர்க்காரம் போட முதல் தேசிக்காய்க் கோதைத்தான் தேய்ப்பா.

ஓரா மீன் கதையச் சொல்லாம விடேலாது. ஓரா தெரியும்தானே, பாசி தின்னுற மீன், சின்ன வாய், தட்டை உடம்பு, சொதிக்கு அதப் போல வராது. சனிக்கிழமை, மாமி கோயிலுக்குப் போயிட்டா, நான் கெட்டிக்காரத்தனமா ஒரு கிலோ ஓராவத் தனியா வெட்ட இருந்தன். ரெண்டாவது மீன், வழுக்குது எண்டு இறுக்கிப் பிடிச்சன், முதுகு முள்ளு உள்ளங்கையில பெருவிரலுக்குக் கீழ ஏறிட்டு. ரத்தம் ஒரு சொட்டுத்தான். சும்மா முள்ளுக் குத்தினதுதானே எண்டு கழுவிட்டு அடுத்த மீனை எடுக்க, வலி ஏறத் தொடங்கிச்சு. தேள் கடிச்ச மாதிரி, கையில இருந்து முழங்கை, முழங்கையில இருந்து கக்கம். நான் கிணத்துக் கட்டுல இருந்து அழுறன், பூனை மிச்ச ஓராவ ஒவ்வொண்டா இழுத்துக்கொண்டு போகுது, எனக்குத் துரத்தக்கூட ஏலாது. பக்கத்து வீட்டு ஆச்சி சத்தம் கேட்டு வேலிக்கு மேலால எட்டிப் பாத்திட்டு, ஒண்டும் கேக்கேல்ல, போய்ச் சுடுதண்ணிப் பேசினோட வந்தா. பொறுக்கக்கூடிய சூட்டுல கைய உள்ள வை, ஆறினா சொல்லு எண்டா. பத்து நிமிசத்துல வலி இறங்கத் தொடங்கிட்டு, அரை மணித்தியாலத்துக்கு மேல வச்சிருந்தன்.

பிறகு பாத்தா ஓராவுக்கு முதுகுல 13 முள்ளு, வயித்துப் பக்கம் வாலுக்குக் கிட்ட 7, கீழ்ச் செட்டையில நாலு, எல்லாத்துலயும் விசம். மீன் செத்தாலும் விசம் சாகாது. ஆனா அது புரதம், சூடு பட்டாப் பழுதாகிப் போகும், அதுதான் சுடுதண்ணி, 45 டிகிரி அளவு காணும், கொதிதண்ணி ஊத்திக் கையை அவிச்சுப் போடாதீங்க. வீக்கம் குறையேல்ல எண்டா, முள்ளு உள்ள முறிஞ்சிட்டு எண்டா ஆஸ்பத்திரிதான். சமைச்ச ஓராவுல பயமில்ல. இப்ப நான் ஓராவத் தொட முதல் பெரிய கத்திரிக்கோலால எல்லா முள்ளையும் நறுக்கிப் போட்டுத்தான் மற்ற வேலை. மாமி இண்டைக்கும் வெறுங்கையாலதான் வெட்டுறா, தலைப் பக்கத்துல இருந்து வால் பக்கம் தடவிப் பிடிச்சா முள்ளு படுத்திடும் எண்டு சொல்லுறா. சரியாத்தான் இருக்கும், நான் பரிசோதிக்கப் போறதில்ல.

இன்னொரு சின்னப் பயம், மூக்கு நீண்ட பெரிய முரல் ஒண்ட முதல் முதலா வெட்டேக்க முள்ளெல்லாம் பச்சை. பாசிப் பச்சை. பழுதாப் போச்செண்டு எறியப் போனன். அது அந்த மீன்ட இயற்கை நிறமாம், ஒண்டும் செய்யாது.

இனி பில்லட், முள்ளில்லாமச் சதைய மட்டும் எடுக்கிறது. இதுலதான் எனக்கும் மாமிக்கும் பிரச்சினை வந்தது.

எங்கட ஆக்கள் மீன்ல முள்ளெடுக்கிறதில்ல. குறுக்கால துண்டு போடுறது, முள்ளோட கறி வைக்கிறது, வாயில முள்ளையும் சதையையும் பிரிக்கிறது நாக்கின்ட வேலை. மாமி கீரி மீனைச் சோத்தோட வாயில போட்டுக்கொண்டு, கதைச்சுக்கொண்டே முள்ளை மட்டும் ஒரு ஓரத்தால வெளிய எடுப்பா, பாத்துக்கொண்டே இருக்கலாம். ஆனா என்ட மகனுக்கு மூண்டு வயசுல விளைமீன் முள்ளு தொண்டையில மாட்டிட்டு. மாமி சோத்து உருண்டை விழுங்கச் சொன்னா, வாழைப்பழம் விழுங்கச் சொன்னா. அது கூடாது, முள்ளு இன்னும் ஆழமாப் போகும் எண்டு எனக்குப் பிறகுதான் தெரியும். கடைசியா ஆஸ்பத்திரியில ரெண்டு பேர் பிடிச்சு வாயத் திறந்து இடுக்கியால எடுத்தாங்க, டொன்சில்ல குத்திக்கொண்டு நிண்டிருக்கு, என்ட நகத்து நுனியளவும் இல்ல. அதுக்குப் பிறகு பிள்ளை மீனைக் கண்டா வாயை மூடிக்கொள்ளுவான். கடற்கரைப் பிள்ளை மீன் சாப்பிடாட்டி என்ன செய்யிறது எண்டு மாமி புலம்ப, நான் முள்ளில்லாமக் குடுக்கிறன் எண்டன். மாமி சொன்னா, "முள்ளில்லாத மீன் என்னத்துக்கு, அதுக்கு நீ சோயா குடு."

படிப்பிச்சது மச்சாளின்ட புருசன், நான் அண்ணா எண்டு கூப்பிடுவன். டோஹாவுல ஹோட்டல் குசினியில ஏழு வருசம் நிண்டிட்டு வந்து, இப்ப நிலாவெளிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சமையல். அண்ணா வந்து முதல் எங்கட கத்தியப் பாத்தார். மாமியின்ட கத்தி தடிச்ச, பாரமான கத்தி, கிணத்துக் கட்டுச் சீமெந்துல தீட்டுறது, தலை பிளக்கிறதுக்கு அதுதான் சரி. பில்லட்டுக்கு மெல்லிசா, நீளமா, கொஞ்சம் வளையிற கத்தி வேணும். "வளைஞ்சாத்தான் தங்கச்சி முள்ளோட படுக்கும்" எண்டார்.

ஒரு மூண்டு கிலோ பாரை. முதல்ல செவுளுக்குப் பின்னால, பக்கச் செட்டைக்குப் பின்னால சரிவா ஒரு வெட்டு, நடுமுள்ளுல கத்தி முட்டும் மட்டும், முட்டினா நிப்பாட்டு, வெட்டிக்கொண்டு போகாத. பிறகு மீனைத் திருப்பி முதுகுப் பக்கம், மேல் செட்டைக்கு ஒட்டினாப் போலத் தலையில இருந்து வால் வரைக்கும் ஒரு கீறல், அரை அங்குலம். அதே கீறலுக்குள்ள திரும்பத் திரும்ப நீள இழுவையா கத்தியை விட்டு, இடது கையால சதையைப் புத்தகத் தாள் மாதிரி மெல்லத் தூக்கிக்கொண்டு போகோணும். அறுக்கக் கூடாது, வாள் மாதிரி முன்னுக்குப் பின்னுக்கு இழுத்தா சதை படிக்கட்டாப் போகும். என்டது படிக்கட்டு. படிக்கட்டுக்கூட இல்ல, பூனைக்கு வச்ச சாப்பாடு.

அப்ப அண்ணா ஒண்டு செய்தார். ரேடியோவ நிப்பாட்டினார். "கத்தியக் கேளு" எண்டார். எனக்கு விளங்கேல்ல. கத்தியச் சரியா முள்ளுல படுக்க வச்சு இழுத்தா, ஒவ்வொரு முள்ளையும் தாண்டேக்க டிக் டிக் டிக் எண்டு ஒரு சின்னச் சத்தம் வரும், சீப்பின்ட பல்லுல நகத்தை ஓட்டினா வாற மாதிரி. சத்தம் நிண்டா கத்தி சதைக்குள்ள ஏறிட்டு, முள்ளுல சதை மிஞ்சப் போகுது. கண்ணாலயே பாத்துக்கொண்டு வெட்டினா இது தெரியாது, உள்ள என்ன நடக்குது எண்டு கண்ணுக்கு எங்க தெரியும், காதுக்கும் கத்திப்பிடியில இருக்கிற விரலுக்கும்தான் தெரியும். மீன்ட கண்ணுக்குத் துணி போட்ட எனக்கு இது நல்ல சுகமாப் போச்சு, நான் வேறெங்கயோ பாத்துக்கொண்டு டிக் டிக் கேட்டுக்கொண்டே வெட்டினன். அண்டைக்கு ரெண்டாவது பக்கம், முதல் பக்கத்த விடத் திறமா வந்துது.

விலா எலும்பு வாற இடத்துல மேலால வளைச்சு எடுக்கோணும். எடுத்த பிறகும் முடியேல்ல, பில்லட்டை விரலால தலைப் பக்கத்துல இருந்து தடவினா நடுக்கோட்டுல ஊசி ஊசியாக் குத்தும், அந்த முள்ளு வரிசை பாதிக்கு மேல வரைக்கும் ஓடும். பிள்ளையின்ட தொண்டையில மாட்டுறது இதுதான். ரெண்டு பக்கமும் கீறி ஒரு நாடா மாதிரி எடுத்திட்டாச் சரி. தோல் உரிக்கிறதுக்கு வால் பக்கத் தோலின்ட நுனிய உப்புத் தொட்ட விரலால இறுக்கிப் பிடிச்சு, கத்தியப் பலகையில கிட்டத்தட்டப் படுக்க வச்சு, கத்திய அசைக்காமத் தோலை இடம் வலமா ஆட்டி ஆட்டி இழுக்கோணும். பாரைக்கு வாலடியில ரெண்டு பக்கமும் ரம்பம் மாதிரி கடும் செதில் இருக்கே, அதுவும் தோலோட போயிடும். கறிக்குத் துண்டு போடுறதெண்டா அத முதலே சீவி எடுக்கோணும், இல்லாட்டி வாயைக் கிழிக்கும்.

ஒரு விசயம், விறைச்சுப் போய்ப் பலகை மாதிரி இருக்கிற மீனை உடனே பில்லட் போடாதீங்க. வாங்கிறதுக்கு அது நல்ல அடையாளம், வெட்டுறதுக்குக் கூடாது, வளைச்சு நிமித்தினா சதை இடையில இடையில வெடிக்கும். ஐஸ்ல வச்சு விறைப்பு விட்ட பிறகு வெட்டினா வழுக்கிக்கொண்டு வரும்.

அண்டைக்கு மூண்டு கிலோ மீனை வெட்டி, சதைய மட்டும் நிறுத்தா ஒரு கிலோவும் கொஞ்சமும். மாமி தராசைப் பாத்தா. தட்டுல கிடந்த தலை, முள்ளு, வாலைப் பாத்தா. "இந்த ஒரு கிலோவுக்கா மூண்டு கிலோ காசு குடுத்த?" எண்டிட்டு, அந்த மிச்சத்த அப்பிடியே அள்ளிக்கொண்டு உள்ள போனா. மாமிக்கு மீன் வீணாப் போறது பொறுக்காது. சண்டை நடந்த நேரம், பாஸ் எடுத்துத்தான் கடலுக்குப் போகலாம், இருட்ட முதல் கரைக்கு வரோணும் எண்டிருந்த காலத்துல, மாமா கொண்டு வாற நாலு மீன்ல ரெண்ட வித்து ரெண்டக் கறி வச்சு நாலு பிள்ளையள வளத்தவா. 2004 மார்கழி கடல் போட்டையும் வலையையும் கொண்டு போன பிறகு ஊருல கனபேர் மாதக்கணக்கா மீன் தொடேல்ல, மாமியும்தான். திரும்ப முதல் நாள் சாப்பிட்டது நெத்தலி எண்டு ஒருக்கா சொன்னவா, அதுக்கு மேல சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல.

அரை மணித்தியாலத்தால உள்ளுக்க இருந்து மணம் வந்துது. அந்தத் தலையையும் முள்ளையும் போட்டு, வெந்தயம், பச்சை மிளகாய், வெங்காயம், தேங்காய்ப்பால், கடைசியாத் தேசிக்காய்ப் புளி விட்டு ஒரு சொதி. இடியப்பத்துக்கு. நான் என்ட பில்லட்டை உப்பு, மிளகுத்தூள், மஞ்சள் போட்டு நெய்யில வாட்டி மகனுக்குக் குடுத்தன், ரெண்டு துண்டு சாப்பிட்டான். அண்ணாவும் நானும் இவரும் சொதிச் சட்டியச் சுத்தித்தான் இருந்தம். முள்ளுல ஒட்டியிருந்த சதையெல்லாம் கரைஞ்சு சொதியில வந்திருந்துது, நான் கெட்டிக்காரியா இருந்திருந்தா அந்தச் சொதி அவ்வளவு நல்லா வந்திருக்காது.

அதுல இருந்து வீட்டுல ஒரு ஒப்பந்தம். சதை எனக்கு, முள்ளு மாமிக்கு. செதில், குடல், செவுள் தென்னையடியில புதைக்கிறது, நல்ல ஆழமாப் புதைச்சாத்தான் நாய் கிண்டாது. சூரை எண்டா பக்கத்துக்கு ரெண்டாப் பிளந்து நாலு நீளத் துண்டு வரும், நடுவுல கறுத்த சதை ஒண்டு ஓடும், அத நான் வெட்டி எறிய, மாமி பொறுக்கி அவிச்சு, உதிர்த்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுச் சுறா வறை மாதிரி வறுத்துத் தாறா. சில நாள் நான் வேணுமெண்டே முள்ளுல கொஞ்சம் சதைய விடுறன், மாமிக்கும் அது தெரியும்.

ஒரு விசயத்துல மட்டும் மாமியோட இன்னும் சண்டை. வெட்டின துண்டுகளை மூண்டு தரம், நாலு தரம் பிழிஞ்சு பிழிஞ்சு கழுவுறா, தண்ணி கண்ணாடி மாதிரி வரும் வரைக்கும். குழம்புக்குப் பரவாயில்ல. பில்லட்டை அப்பிடிக் கழுவினா ருசியெல்லாம் கிணத்தடிக்குப் போயிடும், சட்டியில வச்சா வாடாம அவியும். முழு மீனாக் கிடக்கேக்க நல்லாக் கழுவி, வெட்டின பிறகு துணியால ஒத்தி எடுத்தாப் போதும் எண்டு நான். "கழுவாத மீனைத் தின்னுற சாதியா நாங்கள்" எண்டு மாமி. நான் பில்லட்டை ஒளிச்சு வைக்கிறன்.

வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, திருவெம்பாவை எண்டா மச்சச்சட்டி, பலகை, ரெண்டு கத்தி எல்லாம் மஞ்சள் தண்ணியில கழுவிப் பின்விறாந்தைக்குப் போயிடும். அந்த நாள்லதான் அம்மா எங்கட வீட்டுக்கு வாறது. பத்து வருசமா அப்பிடித்தான், நாள் பாத்து வருவா, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவா. நேத்து சனிக்கிழமை. இந்தப் பாரையின்ட முதல் பக்கத்த எடுத்து முடிய, படலை திறக்கிற சத்தம், பாத்தா அம்மா. பேரனுக்குக் காய்ச்சல் எண்டு ஆரோ சொன்னாங்களாம், நாளைப் பாக்கேல்ல. நான் கைய எங்க ஒளிக்கிறதெண்டு தெரியாம எழும்பினன். மாமி கதிரைய விட்டு எழும்பி அம்மாவுக்குக் குடுத்திட்டு, தான் கிணத்துக் கட்டுல இருந்தா.

அம்மா போகேல்ல. சீலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையில இருந்தா. நான் ரெண்டாவது பக்கத்த எடுத்தன், விலாவ வளைச்சு எடுத்தன், முள்ளு நாடாவ எடுத்தன், தோலை உரிச்சன், ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல, டிக் டிக் சத்தம் மட்டும். முடிச்சுத் தட்டுல வச்சன்.

அம்மா தலைப்பை எடுக்காம, சுண்டுவிரலைக் காட்டி, "அந்த ஓரத்துல இன்னும் ஒரு முள்ளு கிடக்கு பார், பிள்ளைக்குக் குடுக்கப் போற" எண்டா.

தடவிப் பாத்தன். கிடந்துதுதான்.